கேஷ் – ஒரு பெட்டியின் கதை

"கேஷா, கார்டா, ஜிபேயா?" இன்று எந்தக் கடைக்குப் போனாலும் பில் போடுபவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வங்கியில் கேஷ் கவுண்டர், கல்லூரியில் கேஷ் புக், அரசு அலுவலகத்தில் லீவ் என்கேஷ்மென்ட், வீட்டு வாசலில் கேஷ் ஆன் டெலிவரி என்று நாள் முழுவதும் இந்தச் சொல் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலமே தெரியாதவர்கள்கூடத் தயக்கமில்லாமல் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்று.

இந்தச் சொல்லைப் பற்றி தமிழர்கள் நடுவே ஒரு செய்தி பல காலமாக உலவி வருகிறது. "ஆங்கிலத்தின் கேஷ் என்ற சொல் நம்முடைய காசு என்ற சொல்லிலிருந்துதான் போனது" என்பதே அந்தச் செய்தி. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும். ஆனால் உண்மை இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது, இதைவிடச் சுவாரஸ்யமானதும்கூட. ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் இருக்கின்றன! ஒன்று ஐரோப்பாவில் பிறந்தது. மற்றொன்று நம் காசிலிருந்து போனது. இரண்டின் கதையையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேஷ்: பணம் அல்ல, பெட்டி

லத்தீன் மொழியில் கப்ஸா என்றால் பெட்டி. அதன் குட்டி வடிவம்தான் கப்ஸுலா, அதாவது சிறிய பெட்டி. மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் அதிலிருந்து வந்ததுதான். பெட்டியைக் குறிக்கும் கேஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். இந்தக் கப்ஸா இத்தாலிய மொழியில் கஸ்ஸா ஆயிற்று, பிரெஞ்சு மொழியில் கேஸ் ஆயிற்று, போர்த்துகீசிய மொழியில் கைஷா ஆயிற்று. எல்லாவற்றுக்கும் பொருள் பெட்டிதான்.

இத்தாலிய நகரங்களில் வணிகம் செழித்த காலத்தில் வணிகர்கள் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்குக் கஸ்ஸா என்று பெயர். அந்தச் சொல்லும் அதன் பிரெஞ்சு உறவும் 1590-களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து கேஷ் என்று வடிவம் பெற்றன. ஜான் ஃப்ளோரியோ என்பவர் 1598-ல் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் கஸ்ஸா என்பதற்கு விளக்கம் தரும்போது வணிகரின் கேஷ் என்றே எழுதியிருக்கிறார். அங்கே அது பணப்பெட்டியைக் குறிக்கிறது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயர் ஆனது? இதற்கு விளக்கம் தேடி லண்டன் வரை போக வேண்டியதில்லை. நம் ஊர் மளிகைக் கடையே போதும். கடையில் பணம் போடும் பெட்டியைக் கல்லாப்பெட்டி என்கிறோம். ஆனால் "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று ஒரு முதலாளி கேட்டால் அவர் பெட்டியின் நீள அகலத்தைக் கேட்கவில்லை, உள்ளே விழுந்த பணத்தைத்தான் கேட்கிறார். படம் நன்றாக ஓடினால் "கல்லா கட்டியது" என்கிறோம். பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஏறிவிட்டது. கேஷுக்கு நடந்ததும் இதேதான். முதலில் பெட்டி, பிறகு பெட்டியும் பணமும், 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறைந்து பணம் மட்டுமே மிஞ்சியது.

ஐரோப்பாவின் மற்ற மொழிகளில் அந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சுக் கடையில் பணம் கட்டும் இடம் கேஸ், ஜெர்மானியக் கடையில் காஸே, ஸ்பானியக் கடையில் காஹா. ஆங்கிலம் மட்டும்தான் பெட்டியை மறந்துவிட்டது.

பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்தான் கேஷியர். ஆங்கிலத்தில் ஒருவரைப் பணியிலிருந்து அவமானப்படுத்தி நீக்குவதற்கும் கேஷியர் என்றே ஒரு வினைச்சொல் உண்டு. ஆனால் அதற்கும் பணத்துக்கும் உறவில்லை. உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருள் கொண்ட வேறொரு சொல்லிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது அது. எழுத்து ஒன்றாக இருந்தால் பிறப்பும் ஒன்று என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

1494-ல் எழுதப்பட்ட ஒரு விதி

வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் ஒரு விதி உண்டு. கேஷ் புக்கில் ரொக்கப் பத்தி ஒருபோதும் கிரெடிட் இருப்பு காட்டாது. டெபிட் இருப்பு காட்டலாம், அல்லது பூஜ்யமாக இருக்கலாம். ஏன்? பெட்டியில் 500 ரூபாய் இருந்தால் அதிலிருந்து 600 ரூபாய் எடுக்க முடியாது. அவ்வளவுதான் காரணம். வங்கிக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் எடுக்கலாம், பெட்டியில் எடுக்க முடியாது.

இந்த விதி 500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-ல் வெனிஸ் நகரில் கணிதம் பற்றிய ஒரு பெரிய நூலை அச்சிட்டார். அதன் ஒரு பகுதியில் வெனிஸ் வணிகர்கள் பின்பற்றிய இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். கஸ்ஸா கணக்கு எப்போதும் டெபிட்டாகவோ சமமாகவோதான் இருக்க வேண்டும், வேறு விதமாக இருந்தால் பேரேட்டில் பிழை இருக்கிறது என்று பொருள் என அதில் அவர் சொல்லியிருக்கிறார். கேஷ் என்பது பெட்டி என்று தெரிந்துகொண்டால் இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை!

சிறு செலவுகளுக்காக ஒதுக்கி வைக்கும் பணத்தைப் பெட்டி கேஷ் என்கிறோம். இதில் வரும் 'பெட்டி' தமிழ்ப் பெட்டி அல்ல. சிறியது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் தமிழ்க் காதுக்கு அது பெட்டியில் உள்ள கேஷ் என்றே கேட்கிறது. கேஷ் என்பதே பெட்டி என்பதால் தமிழ்க் காது தவறாகக் கேட்டும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது கேஷ்: நம் காசு

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழில் காசு மிகப் பழைய சொல். சங்க இலக்கியத்தில் அது நாணயத்தை மட்டும் குறிக்கவில்லை, அணிகலனில் கோக்கும் பொன்மணியையும் குறித்தது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாடலில் இந்தப் பொருளில்தான் காசு வருகிறது. இன்றும் நகைக்கடையில் கிடைக்கும் காசுமாலை அந்த இரண்டு பொருளையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறது. பள்ளியில் வெண்பா இலக்கணம் படித்தவர்களுக்கு ஈற்றுச்சீர் வாய்பாட்டில் வரும் 'காசு' நினைவிருக்கும்.

சோழர் காலத்தில் காசு அன்றாட வரவு செலவில் வந்துவிட்டது. முதலாம் இராஜராஜன் (985–1014) கட்டிய தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் கோவில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த விவரங்கள் உள்ளன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்கு 12.5. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் வெட்டி வைத்த வட்டி விகிதம் இது.

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன் பின் வந்த போர்த்துகீசிய வணிகர்கள் தென்னிந்தியாவில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் கைஷா என்ற சொல் ஏற்கனவே இருந்தது அல்லவா? நாணயத்தையும் அவர்கள் கைஷா என்றே எழுதினார்கள். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த கேஷ் என்ற சொல்லின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்படித்தான் இரண்டு வேறு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து உட்கார்ந்தன.

எனவே "கேஷ் காசிலிருந்து வந்தது" என்பது பாதி உண்மை. சிறு செப்பு நாணயத்தைக் குறித்த கேஷ் காசிலிருந்து வந்தது. இன்று கடையில் கேட்கும் கேஷ் இத்தாலியப் பெட்டியிலிருந்து வந்தது. காசு என்ற சொல்லின் மூலத்தைப் பற்றியும் ஆராய்ச்சியாளர்களிடம் விவாதம் உண்டு. எடையைக் குறிக்கும் கர்ஷ என்ற சமஸ்கிருதச் சொல்லோடு அதை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன நாணயப் பெயரின் மூலமாகத் தமிழ்க் காசையே அகராதிகள் காட்டுகின்றன.

சீனா வரை போன காசு

போர்த்துகீசியர்கள் 1511-ல் மலாக்காவைப் பிடித்தார்கள். கிழக்கே போகப் போக, எங்கெல்லாம் குறைந்த மதிப்புள்ள சிறு நாணயத்தைப் பார்த்தார்களோ அங்கெல்லாம் கைஷா என்ற பெயரையே வைத்தார்கள். சீனாவில் நடுவில் சதுர ஓட்டையுடன் வட்டமான செப்பு நாணயங்கள் புழங்கின. அவற்றைக் கயிற்றில் கோத்து, ஆயிரம் நாணயத்தை ஒரு சரமாக எண்ணுவது வழக்கம். 1943 முதல் 1947 வரை இங்கே அடிக்கப்பட்ட ஓட்டைக் காலணாவைப் பார்த்தவர்கள் அதன் தோற்றத்தை ஊகித்துக்கொள்ளலாம். சீனர்கள் அந்த நாணயத்தைச் சியென் என்று அழைத்தார்கள். ஆனால் உலகம் முழுவதும் நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அதைச் 'சைனீஸ் கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுகள் புழங்கிய ஒரு சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் நிலைத்திருப்பது தமிழ்ப் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மெட்ராஸ் கணக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ரூபாய்க் கணக்கு இல்லை. பகோடா, பணம், காசு என்பதுதான் கணக்கு. ஆங்கிலத்தில் பகோடா, ஃபனம், கேஷ். 80 காசு சேர்ந்தால் 1 பணம். 42 பணம் சேர்ந்தால் 1 பகோடா. ஆக ஒரு பகோடாவுக்கு 3,360 காசு! கால்குலேட்டர் இல்லாத காலத்துக் கணக்குப்பிள்ளைகளின் பாட்டை நினைத்துப் பார்த்தால் இன்றைய அக்கவுண்டன்சி மிகவும் சுலபமாகத் தோன்றும்.

1803-ல் கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே இருந்த சோஹோ நாணயச் சாலையில் மெட்ராஸுக்காகச் செப்பு நாணயங்களை அடித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் மதிப்பும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லும். நம் ஊர்ச் சந்தையில் புழங்கிய சொல் இங்கிலாந்தின் நீராவி இயந்திரத்தில் அச்சாகித் திரும்பி வந்தது.

எல்லாமே வந்து சேரவில்லை. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1808-ஆம் ஆண்டு தேதியிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கரையைக்கூடத் தாண்டவில்லை. கென்ட் கடற்கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980-களில் அதன் உடைசல்களிலிருந்து லட்சக்கணக்கான நாணயங்கள் வெளியே எடுக்கப்பட்டன. மெட்ராஸில் வெற்றிலைக்கும் உப்புக்கும் கைமாற வேண்டிய சில்லறை, சுமார் 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, கடைசியில் சேகரிப்பாளர்களின் கைக்குப் போனது.

1818-ல் மெட்ராஸில் வெள்ளி ரூபாய் நிலையான நாணயம் ஆனது. 100 பகோடாவுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். கேஷ் என்ற நாணயக் கணக்கு அதோடு மெல்ல ஒதுங்கியது. ஆனால் சமஸ்தானங்களில் அது தொடர்ந்தது. திருவிதாங்கூரில் 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 ரூபாய். 1940-களிலும் அங்கே ஆங்கிலத்தில் கேஷ் என்று பொறித்த செப்பு நாணயங்கள் புழங்கின. 1956 வரை கேரளப் பகுதியோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்கும் அது சொந்த நாணயம்தான். புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு நவராத்திரியின்போது வழங்கப்பட்டது.

நாணயங்கள் போய்விட்டாலும் பேச்சில் அவை சாகவில்லை. "கால் காசு உத்தியோகம் என்றாலும் கவர்மெண்ட் உத்தியோகம்" என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். பணம் என்ற நாணயம் இல்லை, ஆனால் பணம் என்ற சொல் இருக்கிறது. டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற சிறு நாணயம் துட்டு என்று நம் வாயில் தங்கிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் பணத்தைக் காசு என்றே சொல்கிறார்கள்.

கேஷ் என்ற பெயரில் கடன்

முதல் கேஷுக்குத் திரும்புவோம். சிறு தொழில் செய்யும் எவரும் வங்கியில் வாங்க விரும்புவது சி.சி. எனப்படும் கேஷ் கிரெடிட். கையில் ரொக்கம் இல்லாதவர் வாங்கும் கடனுக்கு ஏன் கேஷ் என்று பெயர்? இதன் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1728-ல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக் என்பவருக்கு அவர் கணக்கில் உள்ளதைவிட 1,000 பவுண்டு வரை கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதி தந்தது. எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. ஓவர்டிராஃப்டின் தொடக்கம் என்று சொல்லப்படுவது இதுதான். அன்றைக்கு அதற்குப் பெயர் கேஷ் கிரெடிட். ஸ்காட்லாந்தில் வைத்த பெயர் இன்று ஈரோட்டு ஜவுளி வியாபாரியின் பாஸ்புக்கில் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்னொரு பிரச்சினை. பெட்டியில் விழும் பணத்தை வேலையாட்கள் எடுத்துவிடுகிறார்கள். ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, கப்பலில் போகும்போது அதன் சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். சுற்றை எண்ண முடியும் என்றால் விற்பனையையும் எண்ண முடியும் அல்லவா? 1879-ல் கேஷ் ரிஜிஸ்டருக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'லஞ்சத்துக்கு மயங்காத கேஷியர்'!

1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்ட் பகுதியில் பார்க்லேஸ் வங்கி ஒரு பண இயந்திரத்தைத் திறந்தது. ஏ.டி.எம்.களின் முன்னோடி அது. அதன் பின்னால் இருந்தவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். அவர் பிறந்தது நம் நாட்டின் ஷில்லாங்கில். பணத்தை விட்டுப் பிரிந்த பெட்டி மீண்டும் வந்துவிட்டது, இம்முறை சுவரில்!

கேஷ் எது, கேஷ் அல்லாதது எது?

அன்றாடப் பேச்சில் கேஷ் என்றால் கையில் உள்ள நோட்டும் சில்லறையும். கணக்கியலில் அப்படி இல்லை. கேஷ் ஃப்ளோ அறிக்கை தயாரிக்கும்போது கையிருப்போடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் கேஷ்தான். பொதுவாக மூன்று மாதங்களுக்குள் முதிரும் முதலீடுகள் கேஷுக்குச் சமமானவை. ஒரே சொல், கடைக்காரருக்கு ஒரு பொருள், ஆடிட்டருக்கு வேறு பொருள்.

இந்த வேறுபாட்டின் வலியை நாடு முழுவதும் உணர்ந்த நாள் ஒன்று உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, 500 மற்றும் 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த நோட்டுகள். ஆடிட்டரின் கேஷ் அப்படியே இருந்தது, வங்கிக் கணக்கில் எண்கள் குறையவில்லை. ஆனால் தினக்கூலி வாங்குபவரின் கேஷ், காய்கறி விற்பவரின் கேஷ், அரிசி டப்பாவுக்குள் ஓர் இல்லத்தரசி சேர்த்து வைத்த கேஷ் எல்லாம் ஒரே இரவில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. செல்லாமல் போன 15.41 லட்சம் கோடி ரூபாயில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018 ஆகஸ்டில் தெரிவித்தது.

அதன் பிறகு யு.பி.ஐ. வளர்ந்தது, டீக்கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. கேஷ் மறைந்துவிட்டதா? 2016 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 16.4 லட்சம் கோடி. 2023 மார்ச்சில் சுமார் 33.5 லட்சம் கோடி. இரண்டு மடங்குக்கும் மேல்! அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம், கடைகள் கேஷ் வாங்க மறுக்கக்கூடாது என்று 2019-ல் சட்டமே போட்டது. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகள் கடைக்கு வெளியே நிற்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம்.

முடிவாக

ஆங்கிலத்துக்குப் பணம் என்ற பொருளில் கேஷைக் கொடுத்தது தமிழ் அல்ல. அதை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கணக்கில் இல்லாத வரவை எழுதினால் பேரேடு பெருக்கும், ஆனால் டேலி ஆகாது. உண்மையான வரவே நமக்குப் போதுமான அளவு இருக்கிறது. மலாக்கா வழியாகச் சீனா வரை போன பெயர், பர்மிங்ஹாமில் அச்சான பெயர், குட்வின் மணலில் புதைந்து கிடந்த பெயர் நம் காசுதான்.

அடுத்த முறை கடைக்காரர் "கேஷா?" என்று கேட்டால் அவர் கேட்பது ஓர் இத்தாலிய வணிகரின் பெட்டியை. "காசு இருக்கு" என்று பதில் சொன்னால், நீங்கள் கொடுப்பது தஞ்சைக் கல்வெட்டில் உள்ள சொல்லை. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தே கொடுங்கள். மீதிச் சில்லறையை மறக்காமல் எண்ணி வாங்குங்கள்!